இருபது கணினிகளுக்கு ஒரே இமேஜ்: வலையமைப்பு வழியாக விண்டோஸ் ஏற்றும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணினி அறையை எடுத்துக்கொள்வோம். பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் என்று இருபது கணினிகள் வந்து இறங்கியிருக்கின்றன. பென் டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து விண்டோஸ் போடலாம். வேலை முடியும், ஆனால் இருபதும் இருபது விதமாக முடியும். ஒன்றில் பாமினி எழுத்துரு இருக்காது. இன்னொன்றில் பைதன் வேறு பதிப்பாக இருக்கும். மற்றொன்றில் நேர வலயம் தவறியிருக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் அறையில் இது சிறிய குறையல்ல.

ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, அதன் வன்தட்டை இமேஜாக, அதாவது முழுப் பிரதியாக, ஒரு சேர்வரில் எடுத்து, மற்ற எல்லாவற்றையும் வலையமைப்பு வழியாகத் துவக்கி, அந்த இமேஜை இறக்குவதே சரியான வழி. இதற்கு ஃபொக் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். அதே வேலைக்கான குளோன்சில்லாவும் நல்லதுதான். ஆனால் கணினிகளின் பெயர்களை வைத்திருப்பது, குழுவாக இமேஜ் அனுப்புவது, அடுத்த தவணைக்கு மீண்டும் செய்வது என்று வரும்போது ஃபொக்கின் இணையப் பக்கம் மிகவும் கைகொடுக்கும். விண்டோஸ் சேர்வரில் உள்ள, வலையமைப்பு வழியாக விண்டோஸ் நிறுவும் சேவையான டபிள்யூடிஎஸ் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 11 இறுவட்டில் வரும் பூட் கோப்பை நேரடியாக வைத்து நிறுவும் பழைய முறையை மைக்ரோசொஃப்ட் அதில் நிறுத்திவிட்டது.

முதலில் வயர்

சேர்வரில் கை வைப்பதற்கு முன் வயரைப் பாருங்கள். இந்த வேலையில் வீணாகும் நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

கணக்கு எளிது. மாஸ்டரில், அதாவது இமேஜ் எடுக்கும் கணினியில், 40 ஜிபி பாவனையில் இருந்தால், சுருக்கிய இமேஜ் ஏறத்தாழ 20 ஜிபி வரும். கிகாபிட் இணைப்பு நடைமுறையில் செக்கனுக்கு 110 எம்பி அளவு கொண்டுபோகும். 100 மெகாபிட் இணைப்பு 11 எம்பிதான். இருபது கணினிகளுக்கும் தனித்தனியாக அனுப்பினால் மொத்தம் 400 ஜிபி. கிகாபிட் சுவிட்சில் அது ஒரு மணித்தியாலம். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் பத்து மணித்தியாலம். ஆகவே 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று கட்டாயம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வாங்கும்போது பெட்டியில் உள்ள "ஃபாஸ்ட் ஈதர்நெட்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 100 மெகாபிட்.

வயர் கட் 5இ அல்லது கட் 6 ஆக இருக்க வேண்டும். கிகாபிட் ஓட நான்கு சோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் கணினி சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும். இணையம் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள கட்டிடங்களில் உப்புக் காற்றால் ஆர்ஜே45 முனைகள் கறுத்துப்போவதும் உண்டு. எல்லாக் கணினிகளையும் போட்டுவிட்டு, சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டின் விளக்கையும் பாருங்கள். பெரும்பாலான சுவிட்சுகளில் கிகாபிட்டுக்கு ஒரு நிறம், 100க்கு வேறு நிறம். வேறுபடும் போர்ட்டின் வயரை மாற்றுங்கள், அல்லது முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.

மனேஜ்ட் சுவிட்ச், அதாவது அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச், என்றால் இன்னொன்று. ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளிடையே தரவு வட்டமிடுவதைத் தடுக்கும் முறை) இயங்கும் போர்ட், வயர் உயிர்பெற்றதும் ஏறத்தாழ 30 செக்கன் தரவை விடாது. கணினியோ அதற்குள் ஐபி முகவரி கேட்டுக் களைத்து, வன்தட்டுக்குத் திரும்பிவிடும். கணினிகள் செருகியுள்ள போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட், அதாவது எட்ஜ் போர்ட், என்பதை இயக்கிவிடுங்கள். மற்ற சுவிட்சுகளோடு இணையும் போர்ட்டில் அதைத் தொட வேண்டாம்.

சேர்வர்

சேர்வர் என்றதும் பெரிய இயந்திரம் தேவையில்லை. 8 ஜிபி ரேம், கிகாபிட் கார்ட், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, இமேஜுகளுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ள சாதாரண கணினி ஒன்று போதும். அதில் டெபியன் அல்லது உபுண்டு சேர்வரைப் போட்டு, மாறாத ஐபி கொடுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டியை "இமேஜஸ்" கோப்புறையாக மவுண்ட் செய்தபின், அதாவது இணைத்தபின், ஃபொக்கை நிறுவுங்கள். நிறுவிய பிறகு மவுண்ட் செய்தால் ஃபொக் உருவாக்கிய துணைக் கோப்புறைகளும் மறை கோப்புகளும் அடியில் மறைந்துபோய், இமேஜ் எடுக்கும்போது மவுண்ட் பிழை வரும்.

நிறுவும்போது அது கேட்கும் கேள்விகளில் முக்கியமானது ஒன்றுதான்: கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சேவையை ஃபொக் நடத்த வேண்டுமா? பதில் உங்கள் வலையமைப்பைப் பொறுத்தது.

இணைய நிறுவனம் தரும் றவுட்டர்தான் எல்லோருக்கும் ஐபி கொடுக்கிறது என்றால், ஃபொக்கில் டிஎச்சிபி வேண்டாம். துவக்கும் கணினிக்கு ஐபியோடு இரண்டு தகவல்கள் தேவை: டிஎச்சிபியின் ஆப்ஷன் 66இல் சேர்வரின் முகவரி, ஆப்ஷன் 67இல் பூட் கோப்பின் பெயர். வீட்டு றவுட்டர்கள் பலவற்றில் இவற்றை எழுத இடமே இராது. அப்போது ஃபொக் சேர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை நிறுவி, புரொக்சி டிஎச்சிபியாக ஓட விடுங்கள். ஐபியை றவுட்டரே கொடுக்கும். எங்கே துவக்குவது என்பதை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சொல்லும். பயாஸ், யுஇஎஃப்ஐ என்பவை கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேரின் பழைய, புதிய வகைகள். பழைய பயாஸ் கணினிக்கு அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ, 64 பிட் யுஇஎஃப்ஐ கணினிக்கு ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ என்று இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். கணினி தன் வகையை ஆப்ஷன் 93இல் சொல்லும்: 0 என்றால் பயாஸ், 7 அல்லது 9 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. ஒரே கோப்பை எல்லோருக்கும் கொடுத்தால் பாதிக் கணினிகள் கறுப்புத் திரையில் நிற்கும்.

ஆனால் எங்கள் முதல் தெரிவு வேறு. இமேஜ் போடும் நாளில் சுவிட்சிலிருந்து றவுட்டர் வயரைக் கழற்றிவிட்டு, ஃபொக்கையே டிஎச்சிபி நடத்த விடுவது. சேர்வருக்கு 192.168.50.1, கணினிகளுக்கு 192.168.50.50 முதல் 100 வரை. இடைஞ்சல் எதுவுமில்லை, அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்படா. வேலை முடிந்ததும் ஃபொக்கின் டிஎச்சிபியை நிறுத்தாமல் றவுட்டர் வயரைத் திரும்பச் செருகினால் மட்டும், ஒரே வலையமைப்பில் இரண்டு பேர் ஐபி கொடுக்கத் தொடங்கி, அடுத்த நாள் காலை முழு நிலையத்திலும் இணையம் தாறுமாறாகும். சேர்வரின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஃபொக்கின் இணையப் பக்கத்தில் ஆரம்பப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உலகத்துக்கே தெரிந்தவை. முதல் வேலையாக அவற்றை மாற்றுங்கள். மாற்றாவிட்டால், எஃப்12 அழுத்தி வலையமைப்பில் துவக்கத் தெரிந்த எந்த மாணவரும் ஒரு கணினியின் வன்தட்டை அழித்துப் புது இமேஜ் போட்டுவிடலாம்.

மாஸ்டர்

மாஸ்டரை நிஜக் கணினியில் செய்யாமல், கணினிக்குள் கற்பனைக் கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்றதில் 80 ஜிபி வட்டோடு செய்யுங்கள். குறிப்பிட்ட மதர்போர்டின் டிரைவர்கள் ஒட்டிக்கொள்ளா; தவறினால் ஸ்னப்ஷொட்டுக்கு, அதாவது சேமித்துவைத்த முந்தைய நிலைக்கு, திரும்பலாம்; வட்டு சிறியது என்பதால் 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினியிலும் இமேஜ் பொருந்தும். உருவாக்கும்போதே யுஇஎஃப்ஐ முறையைத் தெரிவுசெய்யுங்கள். பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பிரிவு முறை வட்டில் செய்த மாஸ்டர் யுஇஎஃப்ஐ கணினியில் இறங்கும், ஆனால் துவங்காது.

எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். கொழும்பில் மலிவாகக் கிடைக்கும் பாவித்த கணினிகளில் 6ஆம், 7ஆம் தலைமுறைகள் நிறைய. அவற்றில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றுவதைவிட லினக்ஸ் போடுவதே நேர்மையான தீர்வு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

விண்டோஸ் நிறுவல் முடிந்து, நாடு, மொழி கேட்கும் முதல் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ஓடிட் முறையில் நுழைவீர்கள். பயனர் கணக்கு உருவாக்காமலே எல்லாவற்றையும் இங்கே செய்யலாம். நேர வலயப் பட்டியலில் கொழும்பைத் தேட வேண்டாம். "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பெயரில் யுடிசி+5:30 இருக்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று விசைப்பலகைகளையும் சேருங்கள். ரெங்கநாதன் தளக்கோலத்தில் பழகியவர்களுக்கு அதற்குரிய விசைப்பலகையையும் நிறுவுங்கள், ஏனென்றால் விண்டோஸோடு வருவன தமிழ் 99 போன்ற வேறு தளக்கோலங்கள். பழைய வினாத்தாள்களைத் திறக்கப் பாமினி எழுத்துரு வேண்டும். எழுத்துருவை "எல்லாப் பயனர்களுக்கும்" என்று நிறுவ வேண்டும். சும்மா இருமுறை சொடுக்கி நிறுவினால் அந்தக் கணக்கோடு போய்விடும். உயர்தர ஐசிடி வகுப்புக்கு பைதன், மைஎஸ்கியூஎல். விண்டோஸ் அப்டேட்டையும் இங்கேயே முடித்துவிடுங்கள். இருபது கணினிகளும் தனித்தனியாக ஜிபி கணக்கில் இறக்கினால் மாத டேட்டா முடிந்துவிடும்.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோரை மட்டும் திறக்காதீர்கள். இணையம் இருந்தால் அது பின்னணியில் செயலிகளைப் புதுப்பிக்கும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்ட ஸ்டோர் செயலி ஒன்று இருந்தாலே, இமேஜ் எடுக்குமுன் விண்டோஸைப் பொதுமைப்படுத்தும் சிஸ்பிரெப் என்ற கருவி தோற்கும். அப்படித் தோற்றால், சிஸ்டம்32க்குள் இருக்கும் சிஸ்பிரெப் கோப்புறையில் பாந்தர் என்ற துணைக் கோப்புறையைத் திறந்து, செட்டப்அக்ட் பதிவின் கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தச் செயலி என்று பெயரோடு எழுதியிருக்கும். பவர்ஷெல்லில் அதை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டலாம்.

அடுத்து இரண்டு விடயங்கள், இரண்டும் மறக்கக் கூடாதவை. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து "பவர்சிஎஃப்ஜி /எச் ஓஃப்" கொடுத்து ஹைபர்னேஷனை அணையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அதோடு போகும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடப்படாமல், வட்டு பாதி உறக்கத்தில் நிற்கும், ஃபொக் அதைத் தொட மறுக்கும். வட்டை மறைகுறியாக்கும் பிட்லொக்கரும் அணைந்திருக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 பதிப்புகள் கேட்காமலே மறைகுறியாக்கத்தைத் தொடங்கக்கூடியவை, ஆகவே "மனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" கொடுத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இப்போது வேர்ச்சுவல் கணினியை அணைத்து ஒரு ஸ்னப்ஷொட் எடுங்கள். அடுத்த தவணையில் திருத்தம் செய்யப்போவது இதில்தான். பிறகு மீண்டும் போட்டு, சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ், ஓஓபிஇ, ஷட்டவுன் என்ற மூன்று தெரிவுகளோடு ஓட்டுங்கள். கணினி தானாக அணையும். அதன்பின் இமேஜ் எடுக்கும்வரை அதை விண்டோஸில் துவக்கவே கூடாது. ஒரு தடவை துவங்கினாலும் சிஸ்பிரெப் செய்தது வீண்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. பாவித்த பிராண்ட் கணினிகளின் மதர்போர்டில் விண்டோஸ் உரிமத்தின் சாவி பதிந்திருக்கும். இமேஜின் பதிப்பும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான், அதாவது புரோவுக்குப் புரோ, தானாக அக்டிவேட் ஆகும். இமேஜ் வழியாக ஏற்றும் உரிமையைக் கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் தனியே தராது. அதற்கு மைக்ரோசொஃப்டின் வொல்யூம் உரிமம் வேண்டும். நிலையத்தின் பெயரில் அதை முறையாக வாங்கிவையுங்கள்.

இமேஜ் எடுத்தல்

ஃபொக் பக்கத்தில் புதிய இமேஜ் ஒன்றை உருவாக்கி, வகையை "சிங்கிள் டிஸ்க் ரீசைசபிள்" என்று விடுங்கள். பெயரில் ஆண்டும் மாதமும் இருக்கட்டும். மாஸ்டரை வலையமைப்பில் துவக்கி, ஃபொக் பட்டியலில் பதிவுசெய்து, கப்சர் (இமேஜ் எடுக்கும்) வேலையைக் கொடுத்து, மீண்டும் வலையமைப்பில் துவக்கினால் எடுக்கத் தொடங்கும். வேர்ச்சுவல் கணினியின் வலையமைப்பு பிரிட்ஜ் முறையில் இருக்க வேண்டும். நாட் முறையில் சேர்வரை எட்டாது.

ரீசைசபிள் வகையில் ஃபொக் முதலில் மாஸ்டரின் பிரிவைச் சுருக்கி, படியெடுத்து, பிறகு பழைய அளவுக்கு விரிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் மாஸ்டர் சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஸ்னப்ஷொட் கைகொடுக்கும்தான், என்றாலும் அந்த நேரத்துக்குச் சேர்வர், சுவிட்ச், மாஸ்டர் ஓடும் கணினி மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். இமேஜ் இறக்கும்போது மின்சாரம் போவது அவ்வளவு பெரிய சேதமல்ல. அந்தக் கணினிகளுக்கு மீண்டும் அனுப்பினால் சரி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும். இந்த வேலையை அந்த மாதங்களில் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் பார்த்த பிறகே இருபதும்

ஒவ்வொரு கணினியிலும் யுஇஎஃப்ஐ செட்டப் திரையில் செய்ய வேண்டியவை: செக்யூர் பூட் அணைக்க, யுஇஎஃப்ஐ நெட்வேர்க் ஸ்டாக் இயக்க, சாட்டா முறையை ஏஎச்சிஐக்கு மாற்ற. கடைசியானதைத் தவறவிட்டால் ஃபொக் வன்தட்டே இல்லை என்று சொல்லும். இன்டெல் ரெய்ட் அல்லது விஎம்டி முறையில் நிற்கும் வட்டு ஃபொக்கின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12 அழுத்தினால் ஒரு தடவைக்கான துவக்கப் பட்டியல் வரும்; எச்பியில் எஃப்9.

ஃபொக் பட்டியலில் "ஃபுல் ஹோஸ்ட் ரெஜிஸ்ட்ரேஷன்" எடுத்து, மேசை எண்ணையே பெயராகக் கொடுங்கள்: லேப்-01, லேப்-02. விண்டோஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. மடிக்கணினிகளுக்கு ஒரே யூஎஸ்பி லான் அடப்டரை மாற்றி மாற்றிச் செருகினால், ஃபொக் எல்லாவற்றையும் ஒரே கணினி என்றே நினைக்கும். அது வலையமைப்பு அடப்டரின் மக் முகவரியைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறது.

பெயரைத் தானாக மாற்ற மாஸ்டரில் ஃபொக் கிளையன்டை நிறுவலாம். ஆனால் சிஸ்பிரெப்புக்கு முன் அந்தச் சேவையை டிஸேபிள் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் முதல் அமைப்பு முடியும் முன்பே அது கணினியை மறுதுவக்கி எல்லாவற்றையும் குழப்பும். பின்னர் சேவையை இயக்க, விண்டோஸ் அமைப்பின் முடிவில் ஓடும் செட்டப்கொம்ப்ளீட் என்ற கோப்பைத்தான் பலரும் பரிந்துரைப்பார்கள். ஓஇஎம் சாவி உள்ள புரோ கணினிகளில் விண்டோஸ் அந்தக் கோப்பை ஓட்டாது. பாவித்த பிராண்ட் கணினிகள் அனேகமாக இந்த வகை. அதனால், விண்டோஸ் அமைப்பின் கேள்விகளுக்குத் தானாகப் பதில் கொடுக்கும் அன்அட்டென்ட் கோப்பில் முதல் உள்நுழைவுக் கட்டளையாக அதை எழுதுங்கள்.

ஒரு கணினிக்கு மட்டும் இமேஜை இறக்கி, அங்கே உட்கார்ந்து பாருங்கள். அக்டிவேட் ஆகிறதா, பெயர் மாறியதா, தமிழில் தட்டச்சு வருகிறதா, பாமினி தெரிகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா, சாதாரண மாணவர் கணக்கில் பைதன் திறக்கிறதா. இதில் பிழை கண்டால் ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பித் திருத்தி, மீண்டும் எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், இருபதில் திருத்துவதைவிட நூறு மடங்கு மேல்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு குழுவில் சேர்த்து மல்டிகாஸ்ட் வேலையாக அனுப்புங்கள். சேர்வர் ஒரே தடவை அனுப்ப, எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும். 20 ஜிபி மூன்று நிமிடத்தில் வயரைக் கடந்துவிடும். பழைய சுழலும் வன்தட்டுகள் 40 ஜிபியை எழுத ஏழு, எட்டு நிமிடம் எடுக்கும். ஆனால் மல்டிகாஸ்டில் எல்லோரும் மிக மெதுவான கணினியின் வேகத்தில்தான் போக முடியும். ஒரேயொரு போர்ட் 100 மெகாபிட்டில் நின்றால் இருபதுக்கும் அரை மணித்தியாலம். வயரில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மல்டிகாஸ்ட் எல்லாக் கணினிகளும் வந்து சேரும்வரை காத்திருக்கும். வழக்கமான எல்லை 10 நிமிடம். அதற்குள் எல்லாவற்றையும் போட்டுவிட ஒருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. தொடங்கிச் சில நிமிடத்தில் எல்லாம் ஒன்றாக நின்றுபோனால், சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்டைக் கேட்ட போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இயங்கி, யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் குவெரியர் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குவெரியரை இயக்குங்கள், அல்லது இந்தத் தனிச் சுவிட்சில் ஸ்னூப்பிங்கையே அணையுங்கள். மலிவான சுவிட்சில் மல்டிகாஸ்ட் ஒத்துவராவிட்டால் தனித்தனியாகவே அனுப்புங்கள். ஃபொக் வழக்கமாக ஒரே நேரத்தில் 10 கணினிகளுக்குத்தான் அனுப்பும், பதினோராவது வரிசையில் நிற்கும். அதை 4 ஆகக் குறைத்தால் மொத்த நேரம் மாறாது, ஆனால் முதல் நான்கு சீக்கிரம் கைக்கு வரும்.

திரையில் வரும் பிழைகள்

பிஎக்ஸ்இ என்பது வலையமைப்பு வழியாகத் துவக்கும் முறை. பிஎக்ஸ்இ-இ61 வந்தால் வயர், அல்லது சுவிட்ச் போர்ட். இ51 அல்லது யுஇஎஃப்ஐயில் இ16 என்றால் ஐபியே கிடைக்கவில்லை: டிஎச்சிபி ஓடவில்லை, அல்லது ஸ்பானிங் ட்ரீ. இ53 என்றால் ஐபி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. ஆப்ஷன் 67ஐ அல்லது டிஎன்எஸ்மாஸ்க்கைப் பாருங்கள். இ32 என்றால் பெயர் கிடைத்தும் கோப்பு வரவில்லை: சேர்வரின் ஃபயர்வோல் யுடிபி 69ஐ மறித்திருக்கும், அல்லது ஆப்ஷன் 66இல் பழைய ஐபி நிற்கும். சேர்வரின் ஐபியை மாற்றியவர்களுக்கு இது நிச்சயம் வரும், ஏனென்றால் ஃபொக் அதை ஓரிடத்தில் மட்டும் எழுதிவைப்பதில்லை.

ஃபொக்கின் துவக்க மென்பொருளான ஐபிஎக்ஸ்இ வந்து, அதன்பின் ஐபி எடுக்க முடியாமல் புள்ளி புள்ளியாக நின்றால், ரியல்டெக் கார்டுகளில் இது வழக்கம், பூட் கோப்பை எஸ்என்பிஒன்லி.இஎஃப்ஐ ஆக மாற்றிப் பாருங்கள். அது கணினியின் சொந்த ஃபர்ம்வேர் டிரைவரையே பாவிக்கும்.

வன்தட்டே இல்லாமல்

விண்டோஸ் 11 ஏறாத 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகளுக்கு, லினக்ஸை வன்தட்டு இல்லாமல் வலையமைப்பு வழியாக ஓட்டும் எல்டிஎஸ்பி அருமையான வழி. சேர்வரிலேயே உபுண்டுவை முழுமையாக அமைத்து, "எல்டிஎஸ்பி இமேஜ் /" என்ற ஒரு கட்டளையால் அதை இமேஜாக்குங்கள். எல்டிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க், எல்டிஎஸ்பி ஐபிஎக்ஸ்இ, எல்டிஎஸ்பி என்எஃப்எஸ், எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி என்ற கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் மற்றவை அமைந்துவிடும். கணினிகள் அந்த இமேஜை வலையமைப்பு வழியாகத் திறந்து ஓடும். மாற்றங்கள் ரேமில் நின்று, அணைத்ததும் மறையும். மாணவர்களின் வீட்டுக் கோப்புறைகள் சேர்வரில் இருக்கும். வன்தட்டு பழுதான கணினிக்கும் மறுவாழ்வு. ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேமாவது இருக்கட்டும்.

ஆனால் சேர்வர் நின்றால் அறை முழுவதும் நிற்கும். ஃபொக் இமேஜ் இறங்கிய கணினிகளுக்குச் சேர்வர் தேவையில்லை, இவற்றுக்கு எப்போதும் தேவை. ஃபொக்கும் எல்டிஎஸ்பியும் ஒரே வலையமைப்பில் துவக்கச் சேவை நடத்தினால் மோதும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சுவிட்சுகளில், இரண்டு சேர்வர்களாகப் பிரித்து வையுங்கள்.

இமேஜ் கோப்புறையின் ஒரு பிரதியை வெளி வன்தட்டில் எடுத்து, கணினி அறையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். மாஸ்டர் வேர்ச்சுவல் கணினியின் ஸ்னப்ஷொட்டும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிஸ்பிரெப் ஆன இமேஜை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தவணைக்கான திருத்தத்தைச் செய்வது சிரமம்.